கச்சத்தீவில் ஒரு குவளை நீர்

2023-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், பங்கு மக்களோடு வேனில் புறப்பட்டுப் பாம்பன் பாலம் கடந்து இராமேசுவரம் சேர்ந்தோம். கச்சத்தீவு புனித அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறுமுன் பைகளைச் சோதித்தனர், மதுவுக்கு அனுமதியில்லை. நம்மவர் ஒருவரின் பையில் விஸ்கிப் புட்டி இருந்தது. "புனிதரிடம் இதைக் கொண்டா போவது?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்தோம். அவர் பேசாமல் அதைக் கொடுத்துவிட்டார்.

285 ஏக்கர்த் தீவில் குடிநீர் கிடையாது. எவரும் நிலையாக வாழ்வதுமில்லை. 1974-இன் ஒப்பந்தப்படி நம் திருப்பயணிகளுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஆதலால் இருகரைத் தமிழரும் அங்கே ஒன்றாகச் செபிக்கிறோம். சிலுவைப்பாதை முடிந்தபோது நாம் கொண்டுசென்ற நீர் தீர்ந்து, நா வறண்டது. அந்த மனிதர் தம்மிடமிருந்த நீரை யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவருக்கு வார்த்துவிட்டு, எஞ்சியதை நம்மிடம் நீட்டினார்.

"குடிங்க சாமி."

கானாவூரில் தண்ணீர் திராட்சை இரசமானதைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். மதுவை இழந்தவரின் கையால் தண்ணீர் பெற்ற அன்றுதான் நம் கடுமை நமக்கே உறைத்தது. திரும்பும் வழியில் அவரருகே அமர்ந்து மன்னிப்புக் கேட்டோம். அவர் ஏன் குடிக்கிறார் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டறிந்தோம். கண்டிக்குமுன் செவிகொடுப்பதும் மேய்ப்பரின் கடமையன்றோ!