பின்கண்ணகி

வைகாசி கிட்டும்போதே பெரியப்பா பேச்சைக் குறைத்துவிடுவார். மாட்டை அதட்டக்கூட வாய் திறவார். கம்பால் வண்டிலில் ஒரு தட்டு, அவ்வளவுதான். படலையில் யாரும் வந்து கூப்பிட்டால் பெரியம்மாதான் எழும்பிப் போவா. "அவர் தொண்டையைக் காக்கிறார்" என்றதும் வந்தவருக்கு விளங்கிவிடும். இந்த வருசமும் கோவலன் கூத்து உண்டு, பின்கண்ணகி இவர்தான் என்ற செய்தி முள்ளியவளைப் பக்கமெல்லாம் அப்படித்தான் பரவும்.

நான் சொல்வது எழுபதுகளின் நடுப்பகுதி. காலபோக நெல்லைச் சூடடித்துப் பங்குனிக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணாவியார் கொப்பியை எடுப்பார். நெல்லு வீடு வராமல் கூத்துப் பழக ஆள் வராது என்று அவருக்குத் தெரியும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கோயில் முன்றலில் அரிக்கன்லாம்பு வெளிச்சத்தில் பழக்கம் தொடங்கும். தோட்டம் கொத்தியவர், வண்டில் விட்டவர், கடலுக்குப் போய்வந்தவர், சந்தியில் கடை வைத்திருந்தவர் எல்லோரும் வெறும் மேலோடு வட்டத்தில் நிற்பார்கள். அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்லிச் சொல்லி மத்தளம் அடிப்பார். யாருக்காவது கால் பிழைத்தால் மத்தளத்தை விடாமலே அவனை ஒருதரம் பார்ப்பார். அடுத்த சுற்றில் அவன் தானாகத் திருந்திவிடுவான்.

முல்லைத்தீவுக் கூத்தை முல்லைமோடி என்பார்கள். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று பிரிப்பதற்குள் அது அடங்காது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் என்று கூத்துகளைச் சுருக்கிப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுவந்தார். அது பெரிய காரியம். படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான். எங்கள் களரியில் மட்டும் சுருக்கம் என்பது இல்லை. இரவு பத்து மணிக்குக் காப்புப் பாடினால் விடிந்த பிறகுதான் மங்களம். ஒரு குரல் அத்தனை நேரம் தாங்காதென்பதால் கண்ணகிக்கு எங்கள் ஊரில் இரண்டு பேர். மாங்கனியில் பிறந்து, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, வணிகர் வீட்டில் வளர்ந்து கோவலனை மணம் முடிக்கும் கண்ணகியை ஒரு இளம்பெடியன் ஆடுவான். மதுரைக்கு நடக்கத் தொடங்குவதிலிருந்து பாண்டியன் சபையில் வழக்குரைத்து ஊரை எரிப்பதுவரை பெரியப்பா.

பழக்கம் தொடங்கும் நாளில் அவர் மீசையை வழித்துவிடுவார். ஆடி பிறந்த பிறகுதான் அது திரும்ப முளைக்கும். மீசையில்லாத முகத்தோடு முல்லைத்தீவுக்கும் போய்வருவார், ஒருவரும் சிரித்ததை நான் காணவில்லை. காப்புக் கட்டிய நாளிலிருந்து மச்சம் இல்லை, ஒருநேரச் சாப்பாடு, விறாந்தையில் தனிப்பாய். வேர்க்கொம்பும் மிளகும் போட்டு அவித்த தண்ணீரைப் பெரியம்மா செம்பில் வைத்திருப்பா. அது பாலைப்பழக் காலம். காட்டுக்குப் போன பெடியள் சாக்கு நிறையக் கொண்டுவருவார்கள். பாலைப்பழம் என்றால் பெரியப்பாவுக்கு உயிர். ஆனால் அதன் பால் தொண்டையில் ஒட்டும் என்று தொடமாட்டார். நான் பக்கத்தில் இருந்து உதடு பிசுபிசுக்கத் தின்றுகொண்டிருப்பேன். அவர் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பகலில் அவர் பழகுவது வெளியே கேட்காது. மண்வெட்டிக்குப் பிடி போடும்போதும், வேலி அடைக்கும்போதும், உதட்டுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எங்காவது அடி மறந்து நின்றால் அடுக்களைக்குள் இருந்து அடுத்த சொல் வரும். பெரியம்மா அரிசி புடைத்தபடி சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பா. அவர் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார், விட்ட இடத்தில் தொடர்ந்துவிடுவார். அந்த நாளில் எனக்கு இதில் ஒரு புதினமும் தெரியவில்லை.

கூத்து நாளில் அவருக்கு நான்தான் கையாள். கிடுகால் மறைத்த கொட்டிலுக்குள் கண்ணாடி பிடிப்பதும் குப்பிவிளக்கைத் தூக்கிக் காட்டுவதும் என் வேலை. முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகம் முழுக்கப் பூசுவார். காதுமடலின் பின்பக்கத்தை மறக்கமாட்டார். உடுப்பது பெரியம்மாவின் கூறைச்சேலை. அட்டியலும் காப்பும் ஊர்ப் பெண்கள் கழற்றிக் கொடுத்தவை. யாருடையது எது என்று ஒரு துண்டில் எழுதிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். இதெல்லாம் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும். அவருடைய வரவோ இரண்டு மணிக்குப் பிறகு. அந்த இடைநேரம் முழுவதும் நெல்லுமூட்டை ஒன்றின்மேல் முதுகு நிமிர்த்தி இருப்பார். வெளியே மாதவி ஆடுகிறாள், சனம் ஆரவாரிக்கிறது, எனக்குக் கால் நிற்காது.

"போய்ப் பாப்பமே பெரியப்பா?"

"நீ போ மோனை. நான் பாத்தனெண்டால் என்ரை காலும் சேர்ந்து ஆடும். பிறகு எனக்குத் தேவைப்படேக்கை பலம் இராது."

போகாமல் அவரோடேயே இருந்தேன். அந்த இருப்பைத்தான் இன்று அவருடைய ஆட்டத்தைவிட அதிகம் நினைக்கிறேன். சேலை கசங்காமல், முகம் கலையாமல், தண்ணீர்கூட நாக்கை நனைக்கும் அளவுக்கு மட்டும் குடித்து, உடம்பிலுள்ள அத்தனை சத்தையும் ஒரு இடத்தில் கட்டி வைத்திருப்பார். பிறகு சதங்கையைக் கட்டி எழும்பினால், வயலுக்குப் போகிறபோது சாய்ந்து நடக்கும் அந்த மனுசனை அந்த உருவத்தில் தேடிப்பிடிக்க முடியாது. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்துக்குள் அவர் காலடி வைக்க, சாக்கிலும் பாயிலும் படுத்திருந்த சனம் ஒவ்வொன்றாக எழும்பி இருக்கும். பிற்பாட்டுக்காரர் குரல் உயரும். கோவலன் வெட்டுண்ட சேதி வரும் இடத்தில் அவர் அழுது காட்டியதில்லை. பாடிக்கொண்டிருந்த தருவை ஒரு மாத்திரை தாமதித்து எடுப்பார், அவ்வளவுதான். கிழவிகள் அந்த இடத்தில் வாய்விட்டு அழத் தொடங்குவார்கள்.

விடிந்து மங்களம் பாடி முடிந்ததும் கொட்டில் வாசலில் கைக்குழந்தைகளோடு தாய்மார் நிற்பார்கள். கையில் கற்பூரம். அது அவருக்குப் பெரிய சங்கடம். அவசரமாகக் கொண்டையைக் கழற்றிவிட்டு வந்து கையெடுத்துக் கும்பிடுவார். "நான் வேசக்காரன் ஆச்சி. அம்மாளிட்டைப் போங்கோ." ஒருத்தியும் நகரமாட்டாள். கடைசியில் குனிந்து பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். பிறகு துண்டை எடுத்துப் பார்த்து நகைகளை ஆளாளுக்குத் திருப்பிக் கொடுப்பார்.

நித்திரை கொள்ள நேரம் கிடையாது. சிறுபோகப் பயிர் தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணீரை நம்பி நிற்கும். முறை வந்த நாளில் வாய்க்காலைத் திருப்பாவிட்டால் கூத்தாடியவன் வயலென்று தண்ணீர் காத்திராது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே குமுளமுனைப் பாதையில் நடப்பார். வெயில் ஏற ஏற, காதுமடலின் பின்னால் மிஞ்சிய முத்துவெள்ளை வியர்வையில் கோடு கோடாக இறங்கும். யானை நிற்கிற பாதை அது. ஆனையைக் கட்டிக்கொண்டுவந்த அரியாத்தையின் கதை அந்த மண்ணில் பிறந்ததுதான். அந்தப் பாதையில் அவர் பாடிக்கொண்டு போவது காவலுக்கா பழக்கத்துக்கா என்று நான் கேட்டதில்லை.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குள் ஊரே வேறு ஊராகிவிடும். கடல்நீரை எடுத்துவந்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில் ஒரு கிழமை விளக்கெரிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கிழவி ஒருத்தி, நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் பசி என்றாள், விளக்கேற்றச் சொன்னாள், எண்ணெய் இல்லாமல் கடல்நீரிலேயே விளக்கெரிந்தது என்பது எங்கள் கதை. வைகாசித் திங்களில் பொங்கல். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று எங்கிருந்தோவெல்லாம் வந்து சனம் கடற்கரை மணலில் படுத்திருக்கும். முந்திய கிழமை கண்ணகியாக நின்று ஊரை எரித்தவர் அங்கே பொங்கல்பானைக்கு விறகு சுமந்துகொண்டிருப்பார்.

கூத்தாடிக் காசு வாங்குவது எங்கள் ஊரில் இல்லை. காசு வாங்கி ஆடிய நடிகர்களை நாங்கள் பார்த்தது இசைநாடகத்தில். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக ஈழத்துத் தமிழ் ஊர்களெல்லாம் ஆடியவர். இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர் என்று திருவிழாக் காலம் முழுக்க அந்தச் சபாவுக்கு ஓய்வில்லை. ஒரு கோயில் திருவிழாவில் நானும் பெரியப்பாவும் அதைப் பார்த்தோம். திரும்பி வரும்போது வண்டிலில் வெகுநேரம் பேசாமல் இருந்தார். வீட்டுப் படலை தெரிந்தபோது, "சுடலையிலை அந்தாள் நிண்ட நிலையைப் பாத்தியே? கால் அசையேல்லை, குரல்தான் நடந்தது" என்றார். வேறொரு சபைக்காரர் ஒருமுறை வீடு தேடி வந்து, குரலை வைத்தே பிழைக்கலாம், கூட வாருங்கள் என்று கேட்டார். பெரியப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, தன் வயல் எந்தக் குளத்தின் கீழ் வருகிறது என்று விவரமாகச் சொல்லி அனுப்பினார். அதுதான் அவருடைய பதில்.

அந்த வருசங்களில் மிளகாய் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் தோட்டம் செய்த இளைஞர்கள் கையில் செத்தல் மிளகாய்க் காசு புரண்டது. எங்கள் கூத்துக்கு ஒலிபெருக்கி வந்ததும், பாண்டியனுக்கு வெல்வெட் உடுப்பு வந்ததும் அந்தக் காசில்தான். ஒலிபெருக்கி வந்தபிறகும் பெரியப்பா தொண்டையைக் காப்பதை விடவில்லை. ஆனியில் காத்தவராயன் கூத்துக்கும் அவரைக் கேட்பார்கள். விடியப்புறம் கழுமரம் ஏறும் பின்காத்தானுக்கு அந்தக் குரல் வேண்டும். வயல் வேலையைச் சொல்லி மறுக்கப் பார்ப்பார், பிறகு போய்விடுவார். அது முடிந்தபிறகுதான் பாலைப்பழம் தின்பார். அதற்குள் மரத்தில் நல்ல பழம் இராது.

பெரியப்பா போருக்குள் காலமானார். உடுப்புப்பெட்டியும் அண்ணாவியாரின் கொப்பியும் 2009இல் இடம்பெயர்ந்தபோது எந்த இடத்தில் கைவிட்டுப் போயின என்று எவருக்கும் நினைவில்லை. ஊர் திரும்பிச் சில வருசம் கழித்துப் பெடியள் கோவலன் கூத்தைப் பழகவேண்டும் என்று நின்றார்கள். பாட்டு இல்லை. கோவலன் பாட்டில் கொஞ்சம் ஒருவரிடம், தட்டான் பாட்டில் கொஞ்சம் இன்னொருவரிடம் கிடைத்தது. பின்கண்ணகிக்குப் பெரியம்மாவிடம் போனோம். களரிக்குள் ஒருநாளும் கால் வைத்திராத மனுசி, முற்றத்தில் முருங்கையிலை உருவியபடி அடியடியாகச் சொன்னா. நான் சீ. ஆர். கொப்பியில் எழுதினேன். பாண்டியன் சபை வந்ததும் நிறுத்திவிட்டா.

"மத்தளம் இல்லாமல் இது வராதடா."

தண்ணீரூற்றில் வயதான மத்தளக்காரர் ஒருவர் இருந்தார். அவரை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அவர் வாரை இழுத்துச் சுதி பார்த்து அடிக்கத் தொடங்க, பெரியம்மா இலையைத் தட்டிவிட்டு எழும்பி நின்றா. பாட்டு வந்த வேகத்துக்கு என் கை ஓடவில்லை. "கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ பெரியம்மா" என்று கெஞ்சினேன்.

"ஆறுதலாச் சொல்ல ஏலாது. அவள் வழக்கெல்லே பேசிறாள்" என்றா.

அன்று எழுதியது பாதிதான். மறுநாள் போனில் பதிந்துகொண்டோம்.