நாய்ப் பந்தயத்தில் ஒரு மாலை

2005 ஆம் ஆண்டு இலண்டன் சென்றிருந்தபோது, கொழும்பில் என்னோடு ஒப்புநோக்குநராகப் பணியாற்றிய நண்பர் ஒருவர் என்னை வோல்தம்ஸ்டோ நாய்ப் பந்தயத் திடலுக்கு அழைத்துச் சென்றார். 1933 இல் தொடங்கிய அத்திடல் 2008 இல் மூடப்பட்டுவிட்டது.

ஓட்டமொன்றுக்கு ஆறு நாய்கள். முதலாம் இலக்கத்திற்குச் சிவப்பு மேலங்கி, இரண்டாவதற்கு நீலம், ஆறாவதற்குக் கறுப்பு வெள்ளைக் கோடுகள். மின்சாரத்தால் ஓடும் பொம்மை முயலைத் துரத்தி ஏறத்தாழ அரை நிமிடத்தில் ஓடி முடிக்கின்றன. முயல் மட்டும் பிடிபடுவதில்லை. வெல்லும் நாயின்மீது பணம் கட்டலாம். முதலிரண்டையும் வரிசை பிசகாமல் சொன்னால் அது 'ஃபோர்காஸ்ட்'.

நண்பர் 'டோட்' முறையில் கட்டினார். எல்லோருடைய பணமும் ஒன்றாகச் சேரும். 1000 பவுண் சேர்ந்து, நடத்துவோர் முதலில் 250 ஐ எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 750. வென்ற நாய்மீது 250 பவுண் கட்டப்பட்டிருந்தால், பவுணுக்கு மூன்று கிடைக்கும். 750 கட்டப்பட்டிருந்தால், போட்ட பணம் மட்டுமே கைக்கு வரும். எந்த நாய் வென்றாலும் திடலுக்குக் கவலையில்லை. அருகில் நிற்பவரின் பணத்தையே நாம் வெல்கிறோம்.

இக்கணக்கை எனக்கு விளக்கியவரே நண்பர்தான். பத்திரிகையில் ஓர் ஒற்று விடுபட்டாலும் கண்டுபிடித்துவிடுபவர். கொழும்பிலேயே ஆங்கிலக் குதிரைகளுக்குச் சம்பளத்தைக் கொடுத்தவர்.

நான்காம் ஓட்டத்தில் அவருடைய நாய் வென்றது. இரண்டு பவுணுக்கு ஐந்து கிடைத்தது. முதல் மூன்று ஓட்டங்களைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும்போது இருவருக்குமான பேருந்துக் கட்டணத்தை நான் கொடுத்தேன்.