மேல்வீட்டுச் சத்தம்

ஆணி அதிகம். அதனால்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ஆறு மாசம் ஆகிவிட்டது. காலாண்டு முடிவு என்றால் வங்கிக்காரன் படும் பாடு தெரிந்தவர்கள் மன்னித்துவிடுங்கள். தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள் :-)

போன ஜூலை முதல் வாரம். வதோதராவில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜூன் கணக்கு முடிக்கிற களேபரத்தில் நான் தினமும் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வீடு வந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு ராத்திரி கட்டையாக விழுந்தவன், காலை ஐந்து மணிக்குத் தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். தலைக்கு மேலே தட், தட், தட். யாரோ உலக்கை போடுகிற மாதிரி.

எங்கள் வீடு முதல் மாடி. கீழே வண்டி நிறுத்துகிற இடம். மேலே இரண்டாவது மாடிக்கு ஜூனில்தான் ஒரு இளம் ஜோடி குடிவந்திருந்தது. நம்ம திருவாரூர்ப் பக்கம். பையனுக்கு நந்தேசரியில் கெமிக்கல் கம்பெனி வேலை. பெண்ணுக்கு இருபத்து மூணு வயசு, கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம், பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு இங்கே பி.எட். இரண்டாம் வருஷம். இவ்வளவும் தங்கமணி சொல்லித் தெரியும். காலங்காத்தாலே உலக்கை போடுவாள் என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்று நாள் பொறுத்துக்கொண்டு நாலாம் நாள் மாடியேறினேன். கதவைத் திறந்த பெண் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. பின்னால் சுவரில் பின்னக் கணக்குக்காக வெட்டி ஒட்டிய கலர் வட்டங்கள். சமையல் மேடையில் மூடி போடாத டிபன் டப்பா.

"சாரி சார். அவருக்கு ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். அப்புறம் சமையல், லெசன் பிளான், ஸ்கூல்னு போயிடும். எனக்குன்னு இந்த முக்கால் மணி நேரம்தான் சார் கிடைக்குது."

பரதநாட்டியமாம். நான் கோபத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில், "ஆடறது நல்ல விஷயம்தாம்மா. கொஞ்சம் சத்தமில்லாம ஆடுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எவ்வளவு நாகரிகமாகச் சொன்னேன் என்று தங்கமணியிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சத்தம் அடங்கித்தான் வந்தது. பொத் பொத்தென்று. தங்கமணி விட்டத்தைப் பார்த்தபடியே, "கீழே எதையோ விரிச்சுக்கிட்டு ஆடறா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "குதித்து மெட்டடவு. முன்னங்கால்ல குதிக்கணும், அப்புறம் குதிங்கால் விழணும். ரெண்டு சத்தம் தனித்தனியாக் கேக்கணும். அவளுக்கு ஒண்ணாக் கேக்குது. மூணாவது காலத்துக்குப் போனா சுத்தமாக் கலைஞ்சிடும்."

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டும். 2004-ல் மாயவரத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, "பொண்ணு ஏழு வருஷம் பரதம் கத்துக்கிட்டிருக்கா, சிதம்பரம் நாட்டியாஞ்சலியில ஆடியிருக்கா" என்று மாமனார் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. நான் அப்போது பஜ்ஜியில் கவனமாக இருந்தேன். ஜாதகத்தோடு வந்த தாளில் 'தையல் தெரியும்' என்பதற்குப் பக்கத்தில் அதுவும் ஒரு வரி.

மேல்வீட்டுப் பெண்ணின் ஒரு நாளைத் தங்கமணி மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாலரைக்கு எழுந்து அடுப்பில் ஒன்றை ஏற்றிவிட்டு ஆட்டம். ஐந்தே முக்காலுக்கு அவன் டப்பாவைக் கட்டி அனுப்பிவிட்டுப் பாடக் குறிப்பு எழுத உட்காருவாள். ஆசிரியர் என்ன செய்வார், மாணவர் என்ன செய்வார், கரும்பலகையில் என்ன வரும் என்று பத்தி பத்தியாகப் பிரித்து, கையால், கோடு போட்டு. பி.எட்.டை 2015-லிருந்து இரண்டு வருஷமாக்கி, அதில் இருபது வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். இவளுக்குக் கிடைத்தது மத்தியான ஷிப்ட் பள்ளி. பன்னிரண்டுக்குப் போனால் திரும்ப ஆறு. சாயங்காலம் துணி, சமையல், ஊருக்கு இரண்டு போன்: ஒன்று அம்மாவுக்கு, ஒன்று மாமியாருக்கு. அம்மாவுக்கு முதலில் பண்ணினால் மாமியார் போன் 'பிஸி' காட்டியது ஏன் என்று கேட்பாராம், அதனால் வரிசை மாறாது. ராத்திரி சார்ட் பேப்பரில் வெட்டுகிற ஒட்டுகிற வேலை. அதில் மாப்பிள்ளைப் பையனும் கத்தரி பிடிப்பான். நல்ல பையன்.

குஜராத்தில் பரதமா என்று நம்மவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1880-ல் கட்டிக்கொண்டது தஞ்சாவூர் அரசகுமாரி லட்சுமிபாயை. இங்கே வந்து சிம்னாபாய் ஆனார். அந்தக் கல்யாணச் சீரோடு தஞ்சாவூர் நடனக்காரப் பெண்களும் பரோடா வந்து சேர்ந்தார்கள். கௌரா, காந்திமதி என்று பெயர்கள். காந்திமதியின் மகன் குபேர்நாத் தஞ்சோர்கர் பிற்காலத்தில் பெரிய பரத ஆசிரியர். அதே சயாஜிராவ்தான் 1906-ல் தன் ராஜ்ஜியம் முழுக்க ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியவர். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவளுக்கு ராஜா மேல் அவ்வளவு ஆர்வம் இல்லை. "அந்த ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பிப் போனாங்களா சார்?" என்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தபோது, அந்தப் பெண் எங்கள் வாசல் படியில் சார்ட் சுருளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு ஆறாம் வகுப்புக்கு மீச்சிறு பொது மடங்கு. பாதி வகுப்பை இரண்டு தாளி கர்பா தட்டச் சொல்லியிருக்கிறாள், பாதியை மூன்று தாளி. (தாலி இல்லை மக்களே, தாளி. இங்கே கைதட்டுக்கு அதுதான் பெயர்.) ஒவ்வொரு சுற்றிலும் கடைசித் தட்டை மட்டும் ஓங்கித் தட்ட வேண்டும். இரண்டுகாரர்களின் ஓங்கிய தட்டு 2, 4, 6 என்று விழும். மூன்றுகாரர்களுடையது 3, 6. ஆறாவதில் இரண்டு கோஷ்டியும் சேர்ந்து இடி மாதிரி விழுந்திருக்கிறது. நவராத்திரிக்கு ராத்திரி முழுக்க ஆடிப் பழகிய பிள்ளைகள், விடுவார்களா? "பென், ஃபரி ஏக் வார்" என்று கத்தியிருக்கிறார்கள். டீச்சர், இன்னொரு தடவை என்று அர்த்தம். பக்கத்து வகுப்பு ஆசிரியை எழுந்து வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் எழுதியது: வகுப்புக் கட்டுப்பாடு போதாது. கை அசைவுகளைக் குறைத்துக்கொள்ளவும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் வருஷத்தில் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று உண்டு. ஆறே நிமிஷம், கூடப் படிக்கிறவர்களே மாணவர்களாக நடிப்பார்கள், ஒரு தடவைக்கு ஒரு திறமையை மட்டும் காட்ட வேண்டும். அதில் 'ஸ்டிமுலஸ் வேரியேஷன்' என்ற திறமைக்கு இடம் மாறுதல், கை அசைவு, குரல் ஏற்ற இறக்கம், நடுவில் நிறுத்துதல் இவற்றுக்குத்தான் மார்க். அப்போது இவள்தான் வகுப்பிலேயே முதல். அதே கைகள்தான்!

தங்கமணி அவளை உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தாள். "கையைக் கட்டிக்கிட்டுக் கணக்கு சொல்லித்தர முடியுமா? போட்டும் விடு" என்றாள். பிறகு சட்டென்று, "இன்னொண்ணு சொல்லட்டுமா? உன் குதிங்கால் பிந்தி விழணும். நீ அவசரப்படறே."

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டாள். "அக்கா... உங்களுக்கு எப்படி?"

"கீழதானே படுத்திருக்கேன்" என்றாள் தங்கமணி.

நவராத்திரிக்கு மாமியார் ஊரிலிருந்து வந்தார், ஒரு மாசம் இருக்க. பாவம், வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காலங்காத்தால என்னம்மா இது, புள்ள வேலைக்குப் போவணுமுல்ல" என்று ஒரு தரம் சொன்னார், அவ்வளவுதான். சத்தம் நின்றுவிட்டது. ராத்திரியில் காலனி மைதானத்தில் அதே மருமகள் எல்லாப் பெண்களோடும் கர்பா சுற்றினாள். அதற்கு மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஊரே ஆடுகிறது, ஒருத்தியை மட்டும் என்ன சொல்வது.

ஐந்து மணிக்கு விழிப்பு மட்டும் எனக்கு நிற்கவில்லை. ஒரு நாள் புரண்டு பார்த்தால் தங்கமணியும் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். பேச்சுக்குச் சொல்வது போல, "பாவம் அந்தப் பொண்ணு. நானெல்லாம் உன்னை ஆடாதேன்னு சொன்னதே இல்ல" என்றேன்.

"ஆடாதேன்னு சொல்லல."

"அதான் சொல்றேன்."

"ஹூப்ளி வீட்டுல, கல்யாணம் ஆன புதுசுல, 'கீழ வீட்டுக்காரர் இருக்கார், கொஞ்சம் சத்தமில்லாம ஆடேன்'னு சொன்னீங்க. நாலு மாசம் சத்தமில்லாம ஆடிப் பாத்தேன். தட்டாம தட்டடவு ஆட முடியுமாங்க? அப்புறம் விட்டுட்டேன்."

குரலில் கோபம் எல்லாம் இல்லை. ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. ஆனால் ஜூலையில் மாடியேறிப் போய்ச் சொன்ன வாக்கியம் ஞாபகம் இருக்கிறதே. எழுத்துப் பிசகாமல் அதே வாக்கியம். அன்றைக்கு நான் பெருமை அடித்தபோது அவள் திரும்பிப் படுத்தது இதற்குத்தான். ஹூப்ளிக்கு அப்புறம் ராய்ப்பூர், நாக்பூர், இப்போது வதோதரா. ஒவ்வொரு மாற்றலுக்கும் ஃபிரிட்ஜ் வந்ததா, கட்டில் கால் உடைந்ததா என்று பட்டியல் வைத்துச் சரிபார்த்திருக்கிறேன். கணக்கு டாலி ஆகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று கிளையில் பெயர்.

"உன் சலங்கை எங்கே?"

"பரண்ல. தட்டுப்பலகைதான் பால்கனியில."

பால்கனியில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன், இந்த வீட்டுக்கு வந்த வாரம். கனமாக, பேட்டரிக்கு வாகாக ஒரு மரக்கட்டை. அவள் ஆசிரியை கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசு அது. தட்டுக்கழியால் தட்டித் தாளம் போடுகிற பலகை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மேல்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகப் பேட்டரியைத் தூக்கினோம். ஒரு மூலையில் ஆசிட் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. உப்புத் தாளும் போட்டேன். தங்கமணி வாங்கி வைத்துக்கொண்டு, "விடுங்க, சத்தம் வருதான்னு பாப்போம்" என்றாள். வந்தது.

எங்களுக்குக் கீழே வண்டிகள் மட்டும்தானே? ஸ்கூட்டருக்கு என்ன தூக்கம் கெடப்போகிறது. "அக்காவுக்கு ஒத்தாசைக்குப் போயிட்டு வர்றேன் அத்தை" என்று அந்தப் பெண் ஐந்து மணிக்கு எங்கள் ஹாலுக்கு இறங்கி வர ஆரம்பித்தாள். ஒத்தாசை என்றால் என்ன என்று மாமியாருக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. கட்டடம் முழுக்கக் கேட்கும் சத்தம் அது. மூன்றாம் நாள் அவரே பையனுக்கு டப்பா கட்டிவிட்டு, "மாவு இருக்கு, வேணுமா?" என்று எங்கள் வாசலில் வந்து நின்று ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் சங்கத்துப் பொங்கல் விழாவில் அவள் ஒரு தில்லானா ஆடினாள். தங்கமணி மேடை ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கறுத்த பலகையில் தாளம் போட்டாள். ஒலிபெருக்கி பாதியில் கரகரத்தது. என் மகள் எடுத்த வீடியோவில் முக்கால்வாசி முன்வரிசைத் தலைகள். மார்ச்சில் அந்தப் பெண்ணுக்குக் கடைசிப் பாடத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். கர்பாத் தட்டு வேண்டாம், பத்திரமாக ஏதாவது பண்ணு என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்களாம். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

இதை எழுதும்போது மணி ஐந்தே கால். ஹாலுக்கு வரக்கூடாது என்று எனக்குத் தடை, ஐந்தே முக்கால் வரைக்கும். அடுக்களைக்கு ஹால் வழியாகத்தான் போக வேண்டும், ஆகவே காபியும் கிடையாது. போன வாரம் பரணிலிருந்து சலங்கைப் பெட்டி இறங்கியது. முந்தாநாள் வரைக்கும் ஒரு ஜோடிக் கால்தான். இன்றைக்கு இரண்டு. குதிப்பது தனி, குதிங்கால் விழுவது தனி, இப்போது எனக்கே பிரித்துக் கேட்கிறது. ஒரு ஜோடிக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வப்போது நின்று நின்று சேர்ந்துகொள்கிறது. "அக்கா, முட்டி பாத்து" என்கிறாள் அந்தப் பெண். "நீ உன் காலைப் பாரு" என்று பதில் வருகிறது.