போரடிக்க வேண்டாம்!

தஞ்சாவூர்ப் பக்கம் போனால் பெரிய கோயிலையும் தலையாட்டி பொம்மையையும் பார்த்துவிட்டு வருவது உலக வழக்கம். நான் பார்த்துவிட்டு வந்தது ஒரு லாரியின் புகையை!

மாசி மாதம், சம்பா அறுவடை நேரம். சாலியமங்கலத்தில் நீடாமங்கலம் பஸ்ஸைக் கோட்டை விட்டதால், தெரிந்த டிரைவர் அண்ணனின் பழைய லாரியில் தொற்றிக்கொண்டேன். பின்னால் கொள்முதல் நிலையத்து நெல், மூட்டைக்கு 40 கிலோ. நீடாமங்கலம் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிக்குப் போகிறது.

இருபுறமும் அறுத்த வயல். தாளுக்கு நடுவே உளுந்துப் பச்சை. ரசிக்க விட்டால்தானே! அம்மாபேட்டை தாண்டியதும் லாரி இருமத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் சாலையையே காணோம், கன்னங்கரேலென்று புகை!

"போச்சு சார்! போன வாரமே ஒரு பட்டறையில இன்ஜினை இறக்கி போர் அடிக்கணும்னுட்டாங்க. வீட்டுக்காரி நகைதான் அடகுக்குப் போகணும்" என்றார்.

போரடிப்பது காவிரிக் கரைக்குப் புதிதல்ல. ஆனால் நெல்லுக்கு அடித்தால் காசு வரும், இன்ஜினுக்கு அடித்தால் போகும்! வானம் வேறு மூட்டம். தார்ப்பாயோ கிழிசல்.

நல்லவேளை, சாலையோரம் ஒரு பட்டறை. மெக்கானிக் பாய் ஸ்பானரைத் தொடவில்லை. புகையை மட்டும் பார்த்தார்.

"நீலப் புகைன்னா ஆயில் எரியுது, ரிங் தேஞ்சிருக்கும். வெள்ளைப் புகை நிக்காம வந்து, ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட். கறுப்புன்னா டீசல் ஜாஸ்தி, இல்லே காத்து கம்மி. இது கறுப்பு. பயப்படாதீங்க தம்பி."

பி.காம். மூளைக்குப் புரிந்தது: வரவும் செலவும் டாலி ஆகவில்லை!

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். ஒரு களத்துப் பதர்த் தூசி! புகை கொஞ்சம் குறைந்தது, உதறல் நிற்கவில்லை.

"காத்துக் குறைச்சல்னா ஆறு சிலிண்டரும் சேர்ந்து திணறும். இதுல ஏதோ ஒண்ணு மட்டும் மக்கர் பண்ணுது" என்றவர், இன்ஜின் ஓட ஓட டீசல் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, இறுக்கினார். முதல் மூன்றில் இன்ஜின் இன்னும் தடுமாறியது. நாலாவதில் சத்தம் துளியும் மாறவில்லை. புகை மட்டும் அடங்கியது!

"வேலை செய்யாம சம்பளம் வாங்குறவன் இவன்தான்!"

"நாசில் கெட்டிருக்கா, சிலிண்டரே கெட்டிருக்கா பாய்?" டிரைவர் குரல் நடுங்கியது.

பாய் நாலாவது இன்ஜெக்டரையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் பூட்டினார். ஸ்டார்ட்! இப்போது மக்கர் பண்ணியது இரண்டாவது சிலிண்டர். நோய் நாசிலோடு போய்விட்டது. நாலாவது சிலிண்டர் நிரபராதி! டீசலைப் பனி போலத் தூவ வேண்டிய நாசில், ஒழுகும் குழாய் மாதிரி சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

புது நாசில் ஏறியது. உதறலும் போச்சு, புகையும் போச்சு. நீடாமங்கலத்தில் கடைசி மூட்டை இறங்கும்போதுதான் முதல் தூறல் விழுந்தது. டிரைவர் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டார்: "நகையை எடுத்து உள்ளே வை!"

உங்கள் வண்டி புகைந்தால், பட்டறைக்காரர் 'போர்' என்று வாயெடுக்குமுன் கலரைப் பாருங்கள். வீட்டுக்குள் புகைந்தால்? அதற்குப் பாயிடமும் ஸ்பானர் இல்லையாம். கேட்டுவிட்டேன்!