துணையின் அளவு

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் நின்றிருந்த என்னிடம் ஒருவர் தயங்கியபடி வந்தார். சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கையில் வழவழப்பான இரண்டு விளம்பரத் தாள்கள் இருந்தன.

"சாமி, வர்ற மாசம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகுது. அவளுக்கு ஒரு கரண்டு வண்டி வாங்கித் தரலாம்னு இருக்கேன். நீங்க ஓட்டுறீங்களே, எது நல்லதுன்னு சொல்லுங்க."

இரண்டு ஆண்டுகளாக நான் மின்சார வண்டியில்தான் கிளைக் கிராமங்களுக்குப் போய் வருகிறேன். திருமணத்தைப் பற்றிக் குருமடத்தில் படித்தேன். வண்டியைப் பற்றிச் செந்துறைச் சாலைகளில் படித்தேன். இவ்விரு படிப்பும் ஒரே நாளில் தேவைப்படும் என்று நான் எண்ணியதில்லை.

அவர் ஏற்கெனவே ஒன்றை மனத்தில் முடிவு செய்திருந்தார். மின்சார வண்டிகளில் இரு வகை உண்டு. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மிகாத வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. அதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம். பதிவு எண்ணும் வேண்டாம். அதற்கு மேற்பட்டவை எல்லாம் பதிவு செய்யப்பட்டு, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து ஏந்தி வருபவை; ஓட்டுவதற்கு லைசென்ஸ் கட்டாயம். விலையும் கூடுதலாய் இருக்கும். அவர் தேர்ந்தெடுத்திருந்தது முதல் வகை.

"மெதுவாப் போகும், பயமில்லை. லைசென்ஸ் அலைச்சலும் இல்லை. அவ எங்க சாமி தூரமாப் போகப் போறா?"

சரி என்றே எனக்கும் பட்டது. "நல்ல யோசனைதான்" என்று சொல்லியும் விட்டேன். அவர் நாலடி நடந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது: "அவங்க என்ன சொல்றாங்க?"

அவர் சிரித்தார். "அவகிட்டச் சொல்லல சாமி. அவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

அன்பில் சொன்ன சொல்தான்; அதில் ஐயமில்லை. ஆயினும் அன்று பகல் முழுவதும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் அவரல்லர், நான்.

1992-ஆம் ஆண்டு. நான் அப்போது குருமட மாணவன். என் அக்காள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்நாளில் அம்மாவட்டம் முழுவதும் அறிவொளி இயக்கம் அலையாய் எழுந்திருந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முன்முயற்சியால் எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். கிராமப்புறப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னர் எழுதினார்.

அந்தப் பெண்களில் என் அக்காளும் ஒருத்தி. வற்றிய கண்மாயில் மாலை வேளையில் வாடகை சைக்கிளில் பழகினாள். விடுமுறையில் போயிருந்த எனக்கு ஓட்டிக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் புகுந்த வீட்டில் எதிர்ப்பு. "நீ படிச்சவன் தம்பி. நீ சொன்னா அவர் கேட்பார். ஒரு வார்த்தை சொல்லு" என்றாள். நான் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் பொறுமையா இரு அக்கா, வீட்டில் சமாதானந்தான் முக்கியம்" என்று அவளுக்கே உபதேசம் செய்தேன். அவள் மறுமொழி கூறவில்லை. அதன்பின் சைக்கிளைத் தொடவும் இல்லை.

சமாதானம் என்ற பெயரில் அன்று நான் காத்தது அவளுடைய நலத்தை அன்று, என் வசதியை. இதை உணர எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மறுநாள் மாலை அந்த நண்பரின் வீட்டுக்குப் போனேன். வியப்பூட்டும் பரிசு என்ற அவருடைய எண்ணத்தைக் கெடுக்கிறோமே என்ற வருத்தத்தோடுதான் பேச்சை எடுத்தேன். அவர் மனைவி ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் பேசத் தொடங்கினார். எத்தனை நாளாய் மனத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தாரோ!

"பஸ்ஸுல டிக்கெட் இல்லைங்கிறது உண்மைதான் சாமி. ஆனா பஸ் வரணுமே?" 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலையில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவருடைய தாயார் ஆண்டிமடத்துக்கு அப்பால் முந்திரிக் காட்டு ஓரத்தில் தனியாக இருக்கிறார், நோயாளி. போக வர 60 கிலோமீட்டருக்குக் குறையாது. கணவருக்கு ஷிப்டு இல்லாத நாள் பார்த்துத்தான் இதுவரை தாயைப் பார்த்திருக்கிறார்.

"மெதுவாப் போற வண்டி பயமில்லைன்னு இவங்க சொல்றாங்க. சுண்ணாம்புக்கல் லாரி பின்னாடி வர்றப்ப இருபத்தஞ்சுல உருட்டிட்டுப் போனாத்தான் சாமி பயம்." அரியலூர்ச் சாலைகளை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஒதுங்கவும் விலகவும் வேகம் கொஞ்சம் வேண்டும்.

பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "லைசென்ஸ் எடுக்கணும் சாமி. ஆதாரும் ஓட்டுப்போடுற கார்டும் நான் யாருன்னு சொல்லும். லைசென்ஸ்தான் எனக்கு என்ன தெரியும்னு சொல்லும்."

கணவர் தலைகுனிந்து விளம்பரத் தாளை மடித்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து, "இதெல்லாம் நீ என்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார். "நீங்க கேக்கலையே" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

எல்.எல்.ஆர். எடுத்து, ஒரு மாதம் பழகி, தேர்வு எழுதுவதுபோல் பயந்து, எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினார். அதன் பின்னரே மூவரும் அரியலூருக்கு வண்டி பார்க்கப் போனோம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இராணிப்பேட்டையிலும் நம் மாநிலத்திலேயே பல நிறுவனங்கள் இவ்வண்டிகளைச் செய்கின்றன. ஆகவே தேர்வுக்குக் குறைவில்லை. கடைக்காரர் கணவரைப் பார்த்தே பேசினார். கணவர் மனைவியைக் கை காட்டினார். "ஓட்டப் போறது அவங்க, அவங்ககிட்டச் சொல்லுங்க."

முதலில் அவர் இருக்கையில் அமர்ந்து இரு பாதமும் தரையில் படிகின்றனவா என்று பார்த்தார். ஒரு வண்டியில் நுனிவிரல்தான் எட்டியது. அழகாய் இருந்தும் அதை விட்டார். அடுத்து எடை. இவ்வகை வண்டிகள் பலவும் நூறு கிலோவுக்கு மேல். வீட்டு வாசல்படியில் தனியாய் ஏற்றி இறக்க முடியுமா என்று தள்ளிப் பார்த்தார். மூன்றாவதாகத் தூரம். ஒரு முறை மின்னேற்றினால் 100 கிலோமீட்டர் என்று தாளில் போட்டிருக்கும். இருவர் ஏறி, வேகமும் சேர்ந்தால், அதில் முக்கால் பங்கு கிடைத்தாலே நிறைவு என்பது என் அனுபவம். தாயார் வீட்டுக்குப் போய் வர 60 என்றால், 75-ஆவது உண்மையாய் ஓடுகிற பேட்டரி வேண்டும். அவர் விரல்விட்டு எண்ணி, மூன்று கிலோவாட்-மணிப் பேட்டரியைச் சொன்னார். அது முழுதாய் நிரம்ப ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம் பிடிக்கும். பெட்ரோல் கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தபோது கணவரின் முகமும் தெளிந்தது.

நான்காவதாக அச்சம். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவில் மின்னேற்றத்தில் இருந்த வண்டி தீப்பற்றி, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் மாண்டார்கள். அவர் அதை மறக்கவில்லை. அதற்குப் பின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதியை அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாய் நடைமுறைப்படுத்தியது. அவ்விதிப்படி செய்த வண்டியா என்று கேட்டு வாங்குவதே முறை. அத்துடன் நம் பங்கும் உண்டு. வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். எர்த் சரியாயுள்ள தனி இணைப்பு வேண்டும். ஓட்டி வந்த சூடு ஆறிய பிறகே மின்னேற்ற வேண்டும். படுக்கும் அறையிலும், வெளியேறும் ஒரே வாசலை மறித்தும், எல்லாரும் உறங்கும் நேரத்திலும் கூடவே கூடாது. இவற்றை எல்லாம் அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

முன்னோட்டமாய் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் ஏறி அமர்ந்தார். கணவர் ஒரு கணம் தயங்கிப் பின்னிருக்கையில் ஏறினார். இருபது ஆண்டு மணவாழ்வில் அவர் பின்னால் அமர்ந்தது அதுவே முதல் முறை என்று பின்னர் சொன்னார்.

அவர்கள் வீட்டுச் சுவரில் எகிப்துக்குப் போகும் திருக்குடும்பத்தின் படம் தொங்குகிறது. கழுதைமேல் மாதா, கயிற்றைப் பிடித்துச் சூசையப்பர் நடக்கிறார். மத்தேயு நற்செய்தியில் கழுதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; ஓவியர்கள் அன்பினால் சேர்த்தது. துணைவிக்கு ஒரு வாகனம் வேண்டும் என்ற நினைப்பு அவ்வளவு பழையது. ஆனால் பல படங்களில் கயிறு சூசையப்பர் கையிலேயே இருக்கிறது.

வள்ளுவர் இல்லறத்தைப் பாடும்போது வாழ்க்கைத் துணைநலம் என்று ஓர் அதிகாரத்துக்கே பெயரிட்டார். துணை என்றால் உடன் வருபவர் என்பது நமக்குத் தெரியும். இத்துணை, எத்துணை என்று சொல்லும்போது அதே சொல்லுக்கு அளவு என்றும் பொருள். அன்று கடையில் அவர் தம் பாதம் தரையைத் தொடும் உயரத்தையும், தம் கை தாங்கும் எடையையும், தம் தாய் இருக்கும் தூரத்தையும் அளந்ததைக் கண்டபோது அந்த இரு பொருளும் எனக்கு ஒன்றாயின. ஒருவருக்குத் துணையாய் இருப்பது என்றால் அவருடைய அளவை அறிந்திருப்பது. அந்த அளவை எத்தனை ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் ஊகித்து அறிய இயலாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அன்றிரவு அக்காளுக்குத் தொலைபேசியில் பேசினேன். கண்மாயையும் சைக்கிளையும் நினைவூட்டி, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு அக்கா" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "விடு தம்பி. இப்பச் சொல்லி என்ன? இனிமே முழங்கால் விடாது" என்றாள். பிறகு அவளே கேட்டாள்: "அந்தப் பொண்ணு நல்லா ஓட்டுதா?"

"நல்லா ஓட்டுறாங்க அக்கா" என்றேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்றை யாருக்காகவோ வாங்க எண்ணியிருப்பீர்கள். பணத்தை எண்ணுமுன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விடை நீண்டதாய் இருந்தால் பொறுமையாய் இருந்து கேளுங்கள். நான் அக்காளுக்குச் சொன்ன பொறுமை உண்மையில் அவள் காட்ட வேண்டியது அன்று. நான் அவளுக்குக் காட்டியிருக்க வேண்டியது.