மலைவாசல் கடந்தால் மாறும் சட்டம்

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் யோஸெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் திரும்பினால் அங்கே போனதே வீண் என்று சொல்லுவோர் உண்டு. போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களோ, 2,425 அடி உயரத்திலிருந்து விழும் அருவியைப் பற்றியும், 3,000 அடி செங்குத்தாக நிற்கும் எல் காப்பிடான் என்னும் கருங்கற் பாறையைப் பற்றியும் பேசி ஓய்வதில்லை. அந்த அருவியைப் பார்க்க வருகிறவர்களுக்குப் படுக்கை விரிப்பவர் யார், பாத்திரம் துலக்குபவர் யார், அவர்களுக்கு என்ன கூலி, எந்தச் சட்டம் என்று எவரும் சொல்ல நாம் கேட்டதில்லை. ஆகவே, அருவியை ஒரு கண்ணாலும் அவர்களை மற்றொரு கண்ணாலும் பார்த்து வருவது என்று தீர்மானித்துக்கொண்டு புறப்பட்டோம்.

பள்ளத்தாக்கு இருப்பது கலிபோர்னியா மாகாணத்தில் மாரிபோஸா என்னும் ஜில்லாவில். ஸ்பானிஷ் பாஷையில் மாரிபோஸா என்றால் வண்ணத்துப்பூச்சி. 1850-இல் மாகாணம் ஏற்பட்டபோது முதன்முதலாக வகுத்த 27 ஜில்லாக்களில் இது ஒன்று. அப்போது பிரம்மாண்டமான பரப்பு. பின்னால் ஒவ்வொரு மூலையாகக் கிள்ளிக் கிள்ளிப் புது ஜில்லாக்கள் செய்துகொண்டார்கள். மிச்சம் நின்ற மலைப்பிரதேசத்தில் 2020-ஆம் வருஷத்துக் கணக்குப்படி 17,131 பேர் வசிக்கிறார்கள். ஜில்லா முழுவதிலும் நகரசபை உள்ள பட்டணம் ஒன்றுகூடக் கிடையாது. தலைமை ஊரும் மாரிபோஸா என்றே பெயருள்ள ஒரு சிறு கிராமந்தான். அங்கே 1854-இல் மரத்தால் கட்டிய வெள்ளை நிறக் கோர்ட்டுக் கட்டிடம் இன்றும் கோர்ட்டாகவே இருந்து வருகிறது. பொன் கிடைத்த காலத்தில் சுரங்கத் தகராறுகளைத் தீர்த்த கோர்ட்டு அது. பொன் தீர்ந்துபோய் வெகு காலமாகிறது. இப்போது ஜில்லாவுக்குச் சோறு போடுவது அருவியும் பாறையுமே.

வருஷந்தோறும் பல லக்ஷம் யாத்திரிகர்கள் வந்து போகிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் கோடையில் வருகிறார்கள். ஆகவே ஹோட்டல்காரரும் சாப்பாட்டு விடுதிக்காரரும் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலைக்காரர் பாடும் அதுதான். மே மாதம் முதல் செப்டம்பர் வரையில் பன்னிரண்டு மணி நேரமும் வேலை செய்யச் சொல்லுவார்கள். நவம்பரில், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வேலைச் சட்டம் என்பது காகிதத்தில் எழுதிய எழுத்தாக மட்டும் இருந்தால் போதாது.

கலிபோர்னியா சட்டம் அப்படி ஒன்றும் நோஞ்சான் சட்டமல்ல. 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர் 50 ஸெண்டு; 2026 ஜனவரி முதல் 16 டாலர் 90 ஸெண்டு. ஒரே நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் மிகுதி நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு கூலி. பன்னிரண்டு மணி தாண்டினால் இரட்டைக் கூலி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலையானால், ஐந்தாவது மணி முடிவதற்குள் அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டாக வேண்டும். வேலையிலிருந்து நீக்கினால் சம்பள பாக்கியை அந்த க்ஷணமே கையில் கொடுத்துவிட வேண்டும். வேண்டுமென்றே கொடாமல் இழுத்தால், இழுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூலி வீதம் முப்பது நாள் வரையில் அபராதம். பரிமாறுகிறவருக்கு யாத்திரிகர் மனமுவந்து வைத்துவிட்டுப் போகும் இனாமைக் காட்டி முதலாளி கூலியைக் குறைக்கலாகாது. இந்தக் கடைசி விஷயம் நம் நேயர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மத்திய ஸர்க்காரின் சட்டப்படி, இனாம் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி தம் கையிலிருந்து மணிக்கு 2 டாலர் 13 ஸெண்டு கொடுத்து, மீதியை இனாமிலிருந்து சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று 1991 முதல் இருந்து வருகிறது என்பதை அறிந்தால், அதன் அருமை விளங்கும்.

படுக்கை தூக்குகிற ஸ்திரீகளுக்கென்று 2018-இல் தனி விதியே செய்தார்கள். கனத்த மெத்தையைத் தூக்கித் தூக்கி முதுகும் தோளும் வீணாகிறவர்கள் அவர்கள்தாம். எந்த வேலையில் எந்த உறுப்புக்குத் தீங்கு என்று முதலாளி அவர்களையும் வைத்துக்கொண்டே ஆராய்ந்து, தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அந்த விதி. காட்டுத்தீயின் புகை மூட்டத்தில் வெளியே வேலை செய்கிறவர்களைக் காப்பதற்கு 2019-இல் ஒரு விதி. கட்டிடத்துக்குள் வெப்பம் மிகுந்தால் என்ன செய்வது என்பதற்கு 2024-இல் மற்றொரு விதி. அடுப்படியில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அவசியத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் மனத்தில் வாங்கிக்கொண்டு, மெர்ஸெட் ஆற்றங்கரையோடு பள்ளத்தாக்கு நோக்கிச் செல்லும் 140-ஆம் நம்பர் சாலையில் பஸ் ஏறினோம். 1926-இல் திறந்த சாலை. பனிக்காலத்திலும் அடைபடாது என்பது அதன் பெருமை. 2006-இல் மலையே சரிந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டபோது அந்தப் பெருமைக்குச் சற்றுப் பங்கம் வந்தது. பஸ்ஸில் யாத்திரிகர்களோடு வேலைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். முந்திய கோடையில் மாரிபோஸா ஊரில் ஒரு விடுதியில் வேலை செய்தாராம், இப்போது பள்ளத்தாக்குக்குள்ளே. "இரண்டு இடத்திலும் ஒரே துடைப்பம், ஒரே படுக்கை. கணக்கு மாத்திரம் வேறு" என்றார். அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள நமக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எல் போர்ட்டல் என்னும் சிற்றூர் கடந்ததும், இரண்டு பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இயற்கையாகவே வளைவு வாசல்போல் நிற்கும் இடம் வருகிறது. அங்கேதான் தேசியப் பூங்காவின் நுழைவாயில். வாசலுக்கு இந்தப் பக்கமும் மாரிபோஸா ஜில்லா, அந்தப் பக்கமும் மாரிபோஸா ஜில்லா. ஆனால் சட்டம் ஒன்றல்ல!

இதற்குக் காரணம் தேடினால் பழைய கதைக்குப் போக வேண்டும். 1864-இல் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்டு இந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும்படி கலிபோர்னியாவிடம் ஒப்படைத்தார். சுற்றியுள்ள மலைகள் 1890-இல் தேசியப் பூங்காவாயின. 1906-இல் பள்ளத்தாக்கும் மத்திய ஸர்க்காரிடமே திரும்பிப் போயிற்று. 1919-இல் மாகாணச் சட்டசபை, பூங்காவின் மீது தனக்கிருந்த அதிகாரத்தையும் விட்டுக்கொடுத்தது. 1920-இல் காங்கிரஸ் சபை அதை ஏற்றுக்கொண்டது. விட்டுக்கொடுத்தபோது மாகாணம் சில பாத்தியதைகளை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. அவற்றில் முக்கியமானது எது என்கிறீர்கள்? வரி வாங்கும் பாத்தியதைதான்!

இவ்விதம் விட்டுக்கொடுத்த பூமியில், அதற்குப் பிற்பாடு மாகாணம் செய்த சட்டங்கள், காங்கிரஸ் சபை வெளிப்படையாக இடங்கொடுத்தாலன்றி, பொதுவாகச் செல்லுபடியாகமாட்டா என்பது அந்நாட்டுக் கோர்ட்டுகளின் கொள்கை. 1938-இல் இந்தப் பூங்காவில் ஹோட்டல் நடத்திய கம்பெனியின் மதுபான விற்பனை சம்பந்தமாகவே வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. மாகாணம் மதுவின் மேல் வரி வாங்கலாம், ஆனால் லைசென்ஸ் எடு என்று கட்டளையிடலாகாது என்று தீர்ப்பாயிற்று. சாராயத்துக்கு ஏற்பட்ட அந்தத் தீர்ப்பின் கொள்கை சம்பளத்துக்கும் வந்து நிற்கிறது.

1938-இல் அந்தத் தீர்ப்போடு மற்றொன்றும் பிறந்தது. அதுதான் மத்திய ஸர்க்காரின் கூலிச் சட்டம். மணிக்கு 25 ஸெண்டு குறைந்தபட்சக் கூலி என்று ஆரம்பித்தார்கள். 2009-இல் 7 டாலர் 25 ஸெண்டுக்கு உயர்ந்தது; அதன் பிறகு உயரவில்லை. மாகாணச் சட்டமும் மத்தியச் சட்டமும் ஒருங்கே நிற்கும் இடத்தில் தொழிலாளிக்கு எது அதிகமோ அதுவே கிடைக்கும். ஒன்று விலகி நின்றால் மற்றொன்றை வைத்துத்தான் காலந்தள்ள வேண்டும். மேலும் மத்தியச் சட்டத்தில் நாள் கணக்கே கிடையாது. வாரத்தில் நாற்பது மணிக்கு மேல் என்பதே கணக்கு. தேசியப் பூங்காவிலோ அந்த நாற்பதும் இல்லை. ஸர்க்காரிடம் குத்தகை பெற்றுப் பூங்காவுக்குள் கேளிக்கை ஸ்தாபனம் நடத்துகிறவர்கள், வாரத்துக்கு 56 மணி தாண்டிய பிறகே ஒன்றரைப் பங்கு கொடுத்தால் போதும் என்று 1977-இல் ஒரு விலக்குச் செய்தார்கள். ஐம்பத்தாறு என்றால் வாரத்தில் ஏழு நாளும் நாளைக்கு எட்டு மணி நேரம்! கேளிக்கை யாருடையது என்று சட்டம் விளக்கவில்லை.

முதலாளிகள் சட்டம் சொன்ன குறைந்த தொகையையே கொடுக்கிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆள் கிடைப்பது அரிதான இடத்தில் வெளியே உள்ள கூலியை ஒட்டியே கொடுக்க நேரிடும். தொழிற் சங்கம் இருந்தால் ஒப்பந்தத்தின் மூலமும் பெறலாம். ஆனால் கொடுக்கலாம் என்பது வேறு, கொடுத்தே தீரவேண்டும் என்பது வேறு. குத்தகைதாரர்களின் சிப்பந்திகளுக்காக ஜனாதிபதிகளும் உத்தரவுகள் போட்டார்கள். 2014-இல் ஒபாமா மணிக்கு 10 டாலர் 10 ஸெண்டு என்றார். 2018-இல் டிரம்ப், ஸர்க்கார் நிலங்களில் நடக்கும் பருவகாலக் கேளிக்கைத் தொழில்களுக்கு விலக்களித்தார். 2021-இல் பைடன் விலக்கை நீக்கி 15 டாலர் என்றார். 2025 மார்ச்சு மாதம் டிரம்ப் பைடனுடைய உத்தரவை ரத்துச் செய்தார். படுக்கை விரிக்கிறவர் தம் கூலி இன்னதென்று அறிய, வாஷிங்டனில் அதிகாரத்தில் இருப்பவர் யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் காங்கிரஸ் சபை வழிவிட்டிருக்கிறது. வேலை செய்யும்போது கையோ காலோ ஒடிந்தால் மாகாணச் சட்டப்படி நஷ்டஈடு பெறலாம் என்று 1936-லேயே இடங்கொடுத்துவிட்டார்கள். ஆகவே ஏணியிலிருந்து விழுந்தவர் கலிபோர்னியாப் பிரஜையாகிறார். விழாதவரின் கதை வேறு.

கூலியைவிட எமக்கு அதிகக் கவலை தந்தது குடியிருப்பு. பள்ளத்தாக்குக்குள் வீடு விலைக்கு வாங்கவோ தனியே வாடகைக்குப் பிடிக்கவோ பொதுவாக முடியாது. வேலை கொடுப்பவரே இடமும் கொடுக்கிறார். வேலை போனால் கூரையும் போகிறது. இது புதிய வழக்கமன்று. இந்தப் பள்ளத்தாக்கின் ஆதிகுடிகளான மீவோக் மக்களை 1851-இல் மாரிபோஸாப் பட்டாளம் துரத்தியடித்தது. திரும்பி வந்தவர்கள் ஹோட்டல்களில் துணி வெளுத்தும் கூடை முடைந்து விற்றும் பிழைத்தார்கள். பூங்கா அதிகாரிகள் அவர்களுக்கென்று ஒரு சிறு கிராமம் அமைத்து, 1953-இல் ஒரு விதியும் செய்தார்கள்: பூங்காவில் நிரந்தர உத்தியோகம் உள்ளவரும் அவர் குடும்பமுமே அங்கு இருக்கலாம். மூதாதையர் மண்ணில் இருப்பதற்கு உத்தியோகச் சீட்டு வேண்டியதாயிற்று! 1969-இல் மிஞ்சிய குடிசைகளையும், தீயணைப்புப் பயிற்சிக்கென்று கொளுத்தி முடித்தார்கள். பள்ளத்தாக்கில் நாம் பார்த்த காட்சிகளில் மனத்தை விட்டு அகலாதது அந்த வெற்றிடம்.

வெளிநாட்டு மாணவர்களும் கோடை விடுமுறையில் நான்கு மாதம் வரை வேலை செய்ய அநுமதி பெற்று இத்தகைய இடங்களுக்கு வருகிறார்கள். இவர்களுக்கு வேலை, இருப்பிடம் மாத்திரமல்ல, தேசத்தில் இருக்கும் அநுமதியே அந்த ஏற்பாட்டோடு கட்டுண்டது. குறை சொல்ல வாய் திறக்குமுன் மூன்று முறை யோசிக்கத்தான் செய்வார்கள். வாசலுக்கு வெளியே வேலை செய்கிறவர்களுக்கோ சட்டம் இருக்கிறது, காரியாலயம் தூரத்தில் இருக்கிறது. கூலி பாக்கிக்கு மனுக் கொடுக்க வேண்டிய தொழில் கமிஷனர் காரியாலயம் பிரெஸ்னோ நகரில். மாரிபோஸாவிலிருந்து மோட்டாரில் சுமார் ஒன்றரை மணி நேரப் பிரயாணம். மனுவைத் தபாலிலும் அனுப்பலாம் என்பது உண்மை. பதினேழாயிரம் பேர் வசிக்கும் ஜில்லாவில், மனுக் கொடுத்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியாமல் இருக்காது என்பதும் உண்மை. பழிவாங்குவது சட்ட விரோதந்தான். ஆனால் அடுத்த வருஷம் கூப்பிடாமலிருப்பது பழியா, மறதியா என்று எவ்விதம் ருசுப்படுத்துவது?

சட்டம் கைவிடும் இடம் இன்னொன்று உண்டு. 2017-இல் மாரிபோஸா ஊரையே காலி செய்ய வைத்த காட்டுத்தீ, 2018-இல் பள்ளத்தாக்கைக் கோடை நடுவில் மூட வைத்த தீ, 2022-இல் மற்றொன்று. தீ போதாதென்று ஸர்க்காரே கடையை மூடுவதும் உண்டு. 2013 அக்டோபரில் வரவுசெலவுத் தகராறால் பூங்கா 16 நாள் மூடிக்கிடந்தது. வேலைக்கு வந்த ஆளை வேலையில்லை என்று திருப்பியனுப்பினால் அரைநாள் கூலியாவது கொடு என்று கலிபோர்னியா விதி சொல்லுகிறது. ஆனால் தெய்வச் செயலாலோ, முதலாளியின் கைக்கு மீறிய காரணத்தாலோ வேலை நின்றால் அதுவும் வேண்டியதில்லை. ஸர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு மூடியிருந்த நாட்களின் சம்பளத்தைப் பின்னால் கொடுத்துவிடுவது என்று 2019-இல் சட்டம் செய்தார்கள். குத்தகைதாரரின் சமையற்காரருக்கும் அறை கூட்டுகிறவருக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

பனி விழத் தொடங்கியதும் அவர்களுக்குக் கதி, வேலையில்லாதோருக்கு மாகாணம் அளிக்கும் உதவித்தொகை. முன்பு சம்பாதித்ததைப் பொறுத்து, சாதாரணமாக அதிகபக்ஷம் 26 வாரம். முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது. எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் வாரத்துக்கு 450 டாலருக்கு மேல் இல்லை என்று 2005-இல் வைத்த உச்சவரம்பு, இருபது வருஷத்துக்குப் பின்பும் அதே 450 டாலராகத்தான் இருந்தது.