உத்தரகோசமங்கை: எப்போது வருகிறது அந்தச் சத்தம்?

ராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கி.மீ. தூரத்தில் இருக்கிறது உத்தரகோசமங்கை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி திசையில் போய் உள்ளே திரும்பினால், சீமைக்கருவேலமும் பனையும், இடையிடையே மானாவாரி நிலமுமாக விரிகிறது வழி. இங்குள்ள மங்களநாதர் கோயிலில் மரகத நடராஜர் மேனி ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கும். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் அதைக் களைவார்கள். மேளச் சத்தத்தின் அதிர்வைக்கூட மரகதம் தாங்காது, அதனால்தான் சந்தனம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள் ஊர்மக்கள்.

அதிர்வு கெடுக்கும் என்று அறிந்த இந்த ஊர்ப்பக்கத்தில், பழைய பிக்கப் வண்டிகள் மட்டும் சத்தத்தோடேயே ஓடுகின்றன. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளையும் பகுதி இது. பழம் எடுத்துக் காயவைத்ததும், எட்டிவயல் மிளகாய் வணிக வளாகத்துக்கும் மற்ற சந்தைகளுக்கும் மூட்டைகள் போயாக வேண்டும். மற்ற நாள்களில் உரம், ஆடு, கரிமூட்டை. சீசன் நேரத்தில் வண்டி படுத்தால் வாடகையோடு போகாது. அன்றைய விலையும் போய்விடும்.

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

“அண்ணே, அடியில கொய்ங்னு ஒரு சத்தம்ணே.”

“எப்பப்பா கேக்குது? நிக்கும்போதா, ஓடும்போதா? கிளட்ச்ச மிதிச்சாலா, விட்டாலா?”

பலருக்கும் இதற்குப் பதில் தெரியாது. சத்தம் சேசிஸ் வழியாகப் பரவுவதால், வரும் இடம் ஏமாற்றும். வரும் நேரம்தான் காட்டிக்கொடுக்கும்.

நிற்கும்போது: நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் தொடங்கினால், கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸின் முன் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால், அந்தக் கியர் பல்லில் தேய்மானம் இருக்கலாம்.

கிளம்பும்போது: முன்னும் பின்னும் எடுக்கையில் ‘டக்’ என்றும், மெதுவாகப் போகையில் ‘கீச் கீச்’ என்றும் கேட்டால், புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கிராஸில் கிரீஸ் வற்றியிருக்கும். இன்ஜினை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முட்டுக் கல் வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். கிராஸ் மூடியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி இருந்தால் உடனே மாற்றுவது நல்லது. சுமையோடு கிளம்பும்போது உதறினால், நடுவில் ஷாஃப்ட்டைத் தாங்கும் சென்டர் பேரிங்கையும் பார்க்கச் சொல்லவும்.

ஓடும்போது: ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் சில விநாடி கிளட்ச்சை மிதிக்கவும். அப்போதும் சத்தம் அப்படியே தொடர்ந்தால், கோளாறு இன்ஜினில் இல்லாமல், கியர் பாக்ஸிலோ அதற்குப் பின்னாலோ இருக்க வாய்ப்பு அதிகம். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால், அது டிஃபரன்ஷியல். ஸ்டீயரிங்கை லேசாக இடதுபக்கம் ஒடிக்கும்போது உறுமல் கூடினால், வலதுபக்க வீல் பேரிங்காக இருக்கலாம். வலப்பக்கம் ஒடித்துக் கூடினால் இடதுபக்கம்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உப்புத் தண்ணீர். ஓடிச் சூடான வண்டியைத் தேங்கிய நீரில் இறக்கினால், டிஃபரன்ஷியல் ஹவுசிங் சட்டெனக் குளிரும். உள்ளே காற்று சுருங்கும். சீல் தேய்ந்தோ காற்றுத் துளை அடைத்தோ இருந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த தேநீர் போலிருந்தால், தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும். என்ன ஆயில் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். கியர் பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே ஆயில் என்று எண்ணக் கூடாது. கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸில், நான்கு மூடியிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும்.

கிராஸ் மாற்ற ஆகும் செலவு, ஷாஃப்ட் அறுந்தால் வரும் செலவின் பக்கத்தில்கூட நிற்காது. முன்பக்க ஜாயிண்ட் ஓட்டத்தில் அறுந்தால், ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும். ஆருத்ரா தரிசனத்துக்குச் சரக்கு வண்டியில் குடும்பத்தோடு ஏறி வருபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சட்டமும் அதை அனுமதிக்கவில்லை.

பட்டறைக்குக் கிளம்புமுன் ஒரு துண்டுத் தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளலாம்: எந்த வேகத்தில், எந்தக் கியரில், சுமையோடா வெறுமனேயா, கிளட்ச்சை மிதித்தால் என்ன ஆகிறது. அந்தத் தாள் கையில் இருந்தால், தேவையில்லாமல் கியர் பாக்ஸைக் கழற்றும் கூலி மிச்சமாகும்.